23-ஆம் எண் சட்டை எங்கே போனது?

வாசகர் கேள்வி – பதில் (விளையாட்டு)

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் இறுதிச் சுற்றைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தோம். சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை கூடைப்பந்துக்கு மவுசு குறைந்துவிட்டதா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருவதால், இந்த முறை பக்கம் முழுவதும் கூடைப்பந்துக்கே.

கே: 90-களில் எங்கள் லயத்துப் பையன்கள்கூடச் சிவப்பில் 23-ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பாசார் மாலாமில் மலிவாகக் கிடைத்தது. இப்போது சட்டையும் இல்லை, பேச்சும் இல்லை. கூடைப்பந்துக்கு மவுசு போய்விட்டதா ஐயா?
– மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

ப: அந்தச் சட்டை போட்டவர்களிடம் சிக்காகோ புல்ஸ் அணியில் இன்னும் இரண்டு பேரைச் சொல்லச் சொல்லியிருந்தால் பலர் தடுமாறியிருப்பார்கள். அவர்கள் மைக்கல் ஜோர்டானின் ரசிகர்கள். ஜோர்டான் போனதும் சட்டையும் போய்விட்டது.

அமெரிக்காவிலேயே இதுதான் நடந்தது. 1998 இறுதிச் சுற்றை அங்கே ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 29 மில்லியன் பேர் பார்த்தார்கள். ஜோர்டான் கடைசிப் பந்தைப் போட்டு வென்ற ஆறாவது ஆட்டத்துக்கு மட்டும் 35.9 மில்லியன். அவர் ஓய்வு பெற்ற 1999-இல் சராசரி 16 மில்லியனாகச் சரிந்தது. 2007-இல் 9.3 மில்லியன். பிறகு லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லண்டும் ஸ்டெஃப் கரியின் கோல்டன் ஸ்டேட்டும் ஆண்டுதோறும் மோதியபோது மீண்டும் ஏறி, 2017-இல் 20 மில்லியனைத் தொட்டது. கோவிட் காலத்தில், பார்வையாளர் இல்லாத அரங்கில், வழக்கமான ஜூனை விட்டு அக்டோபரில் நடந்த 2020 இறுதிச் சுற்றுக்கு 7.5 மில்லியன்தான். 2024-இல் 11.3, 2025-இல் 10.3.

ஆக, இது ஒரே சீராக இறங்கும் படிக்கட்டு இல்லை. ஆளைப் பார்த்து ஏறி இறங்குகிற அலை. ஆனால் பிந்தைய எந்த அலையின் உச்சியும் 1998-ஐ எட்டவில்லை என்பதையும் மறைக்க முடியாது. இதில் இன்னொன்றும் உண்டு: 2020-லிருந்து உணவகம், மதுக்கூடம் போன்ற வெளியிடங்களில் பார்ப்பவர்களையும் கணக்கில் சேர்க்கிறார்கள். பழைய கணக்கில் அவர்கள் கிடையாது. அதே முறையில் எண்ணினால் இன்றைய எண் இன்னும் சின்னதாக இருக்கும்.

கே: எல்லா விளையாட்டுக்கும் இதே கதிதானா? தொலைக்காட்சியே பார்க்காத காலம்தானே இது?
– கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

ப: அமெரிக்கக் காற்பந்துக்கு (முட்டைப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அது) அந்தக் கதி வரவில்லை. அதன் இறுதியாட்டமான சூப்பர் பௌலை 2025-இல் 127.7 மில்லியன் பேர் பார்த்தார்கள். 2023-இல் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த 100 ஒளிபரப்புகளில் 93 அதன் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்கள். உங்களுக்கு மிகப் பிடித்த விளையாட்டு எது என்று கேலப் நிறுவனம் 2023 இறுதியில் கேட்டபோது 41 விழுக்காட்டினர் அதைச் சொன்னார்கள். பேஸ்பாலுக்கு 10, கூடைப்பந்துக்கு 9.

முக்கியக் காரணம் எளிய கணக்கு. அங்கே ஓர் அணிக்குப் பருவத்தில் 17 ஆட்டம்தான், வாரத்துக்கு ஒன்று. ஒன்றில் தோற்றால் வலிக்கும். என்.பி.ஏ.யில் 82 ஆட்டம். 30 அணிகளுக்கும் சேர்த்து 1,230. ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஆட்டம் ஒன்றைத் தவறவிட்டால் ரசிகருக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சில சமயம் ஆட்டக்காரருக்கும் அப்படித்தான். நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுத்து உட்கார வைக்கும் பழக்கம் முற்றிப்போய், 2023–24 பருவத்திலிருந்து 65 ஆட்டமாவது ஆடாதவருக்குச் சிறந்த ஆட்டக்காரர் போன்ற பெரிய விருதுகள் கிடையாது என்று விதி போட வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் முன்பே பணம் கட்டி, நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்த ரசிகர், தான் பார்க்க வந்தவர் கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அடுத்த முறை வருவாரா?

பேஸ்பாலுக்கு 162 ஆட்டம். அதனால் அதன் நிலைமையும் மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் 2023-இல் பந்து எறிபவருக்கு நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள்: தளங்களில் ஆளில்லாவிட்டால் 15 விநாடி, இருந்தால் 20. ஓர் ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்தது, ஒரே பருவத்தில் ஏறத்தாழ 24 நிமிடம் குறைந்தது; அரங்குக்கு வருவோரும் கூடினார்கள். ஆனால் விதியை மாற்றினால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2023 பேஸ்பால் இறுதித் தொடரில் டெக்சஸும் அரிசோனாவும் மோதின, சராசரி 9.1 மில்லியன். 2024-இல் லாஸ் ஏஞ்சலஸும் நியூயார்க்கும் வந்தன; 15.8. விளையாட்டு அதேதான், விதியும் அதேதான், வந்த ஊர்தான் வேறு.

கே: பார்ப்பவர் குறைகிறார்கள் என்கிறீர்கள். பிறகு ஏன் தொலைக்காட்சிக்காரர்கள் கோடிக்கணக்கில் கொட்டுகிறார்கள்?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

ப: கிராணியார் கேட்க வேண்டிய கேள்விதான். பழைய ஒப்பந்தம் 9 ஆண்டுக்கு 24 பில்லியன் டாலர். 2025–26 பருவத்தில் தொடங்கிய புதியது டிஸ்னி, என்.பி.சி., அமேசான் மூன்றுக்கும் சேர்த்து 11 ஆண்டுக்கு ஏறத்தாழ 76 பில்லியன். ஆண்டுக்கணக்கில் இரண்டரை மடங்குக்கு மேல். நாடகத்தை நாளைக்குப் பார்க்கலாம், விளம்பரத்தைத் தாவிக் கடக்கலாம். ஆட்டத்தை அந்த நேரத்திலேயே பார்த்தாக வேண்டும். விளம்பரம் கண்ணில் பட்டே தீரும். அப்படிப்பட்ட சரக்கு சந்தையில் குறையக் குறைய, இருப்பதற்கு விலை ஏறுகிறது. ரப்பர் விலையை ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதியவருக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

கே: மகன் என்.பி.ஏ. பைத்தியம் என்கிறான். ஆனால் ஒரு முழு ஆட்டம் உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. கைப்பேசியில் அரை நிமிடத் துண்டுகள்தான். இதெல்லாம் ரசிகர் கணக்கில் வருமா?
– ஒரு தாயார், தாமான் குடியிருப்பு

ப: வரும், ஆனால் மேலே சொன்ன மில்லியன்களில் வராது. உங்கள் மகன் முழு ஆட்டம் பார்க்காததற்குச் சோம்பல் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.

நியூயார்க் நகரம் நமக்குக் குளிர்காலத்தில் 13 மணி நேரமும், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அங்கே இரவு 7.30 ஆட்டம் ஜனவரியில் நமக்கு மறுநாள் காலை 8.30. மேற்குக் கரையில் அதே 7.30 என்றால் இங்கே காலை 11.30. ஜூன் மாத இறுதிச் சுற்று பெரும்பாலும் காலை 8.30. அந்நேரம் பெரட்டு முடிந்து பால் வெட்டுகிறவர் நிரையில் இருப்பார், பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். இங்கிலாந்துக் காற்பந்தோ சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டம் நமக்கு இரவு 10 அல்லது 11. ஐ.பி.எல். இந்திய நேரம் 7.30 என்றால் நமக்கு இரவு 10. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, மாமாக் கடையில் ஒரு தே தாரிக் எடுத்துக்கொண்டு உட்காரும் நேரம் அது. நாலு பேர் சேர்ந்து பார்ப்பதால்தான் அணிப்பற்றும் வாக்குவாதமும் வளர்கின்றன. காலை எட்டரைக்கு யாரோடு வாக்குவாதம் செய்வது?

முழு ஆட்டம் பார்க்க ஆசை என்றால் அமெரிக்காவின் வெள்ளி, சனி இரவு ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நமக்கு அவை சனி, ஞாயிறு காலை. அமெரிக்காவின் ஞாயிறு பிற்பகல் ஆட்டத்தை நம்ப வேண்டாம்; அது நமக்குத் திங்கள் விடியற்காலை. ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஓடும். உயர்தரப் படத்தில் மணிக்கு 3 ஜி.பி. வரை தின்னும், ஒரே ஆட்டத்தில் 6, 7 ஜி.பி. காலி. படத்தின் தரத்தை 480-க்கு இறக்கிவிட்டால் கைப்பேசித் திரைக்கு அது போதும், ஒன்றரை ஜி.பி. சுமாரில் முடிந்துவிடும். கடைசிக் கால் பகுதி மட்டும் பார்த்தாலும் பாதகமில்லை. கூடைப்பந்தில் சூடு பெரும்பாலும் அங்கேதான்.

கே: முன்பு உள்ளே புகுந்து ஆடினார்கள். இப்போது எல்லாரும் தூரத்தில் நின்று எறிகிறார்கள். சலித்துப்போகிறது அண்ணே.
– லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

ப: சலிப்பு நியாயம். அணிகள் பக்கமும் கணக்கு இருக்கிறது. மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் 3 புள்ளி, உள்ளிருந்து போட்டால் 2) என்.பி.ஏ.க்கு 1979–80-இல் வந்தது. அந்தப் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 2.8 முறைதான் அங்கிருந்து எறிந்தது. 2024–25-இல் 37.6 முறை.

நூறு பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் ஏறத்தாழ 36 விழும்: 108 புள்ளி. கோட்டுக்கு ஓரடி உள்ளே வந்து எறிந்தால் 41 விழும் என்று வைத்துக்கொண்டாலும் 82 புள்ளிதான். கூடைக்கு அடியில் போய்ப் போட்டால் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் விழும். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு எந்தப் பயிற்றுநர் நடு இடத்தில் நின்று எறியச் சொல்வார்? ஆக, கூடைக்கு அடியிலும் கோட்டுக்கு வெளியிலும் ஆட்டம், நடுவே வெறும் தரை. ஜோர்டான் ஆட்சி செய்த இடம் அந்த நடுத் தரைதான்.

இதில் கெட்டுப்போவது என்னவென்றால், ஆட்டம் அதிர்ஷ்டச் சீட்டுபோல் ஆகிவிடுகிறது. 40 பந்து வெளியிலிருந்து எறியும் அணிக்கு ஒருநாள் 20 விழும், மறுநாள் 9 விழும். அந்த 11 பந்துக்கு 33 புள்ளி வித்தியாசம். அதே அணி, அதே ஆட்டக்காரர்கள், ஒருநாள் ஊதித் தள்ளுகிறார்கள், மறுநாள் ஊதப்படுகிறார்கள். மூன்றாம் கால் பகுதியிலேயே முடிவு தெரிந்துபோனால் பார்ப்பவர் எழுந்து போகிறார்.

விதியை மாற்றிச் சரிசெய்ய முடியாதா என்றால், இதைவிட மோசமான நோய்க்கே ஒருமுறை மருந்து கண்டார்கள். 1950 நவம்பரில் ஃபோர்ட் வேன் அணி மினியாபொலிஸை 19–18 என்று வென்றது; முழு ஆட்டத்தின் புள்ளி அவ்வளவுதான். முன்னிலை வகித்தவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினார்கள். 1954-இல் சிரக்கியூஸ் அணி உரிமையாளர் டேனி பியாசோனின் யோசனைப்படி, பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் வந்தது. அவர் போட்ட கணக்கு இது: நல்ல ஆட்டமொன்றில் இரு அணியும் சேர்ந்து 120 முறை எறிகின்றன, 48 நிமிடம் என்றால் 2,880 விநாடி, வகுத்தால் 24. இன்றைக்கும் அந்தக் கடிகாரம்தான் ஓடுகிறது. மூன்று புள்ளி விஷயத்தில் அப்படியொரு கணக்கை இன்னும் யாரும் போட்டுக் காட்டவில்லை. கோட்டைப் பின்னால் தள்ளுவதும் எளிதல்ல. என்.பி.ஏ.யில் அது நடுவில் 7.24 மீட்டர், மூலையில் 6.71. மூலையில் இதற்கு மேல் தள்ளினால் ஆட்டக்காரர் பக்கக்கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

கே: சீனப்பள்ளிப் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஏன் அது ஒட்டவில்லை?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

ப: நிலத்தில் இருக்கிறது பதில். காற்பந்துத் திடலுக்கு 105-க்கு 68 மீட்டர், அதாவது ஏழாயிரம் சதுர மீட்டருக்கு மேல். கூடைப்பந்துக்கு 28-க்கு 15, வெறும் 420. பட்டணத்தில் கடைவரிசைகளுக்கு நடுவே எழுந்த சீனப்பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் 420-தான் கட்டுப்படியானது. தோட்டத்தில் நிலத்துக்குப் பஞ்சமில்லை; கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு திடல், இரண்டு கம்பம், ஒரு பந்து. ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் போன்ற காற்பந்துக் கோல் காவலரைக் கொண்டாடிய சமூகம் நாம். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தபோது திடல் போய்விட்டது. அந்த இடத்தைக் கூடைப்பந்து பிடித்திருக்கலாம். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஃபுட்சால் கூடங்கள் முந்திக்கொண்டன.

முன்பு ஒரு பதிலில் நேர வித்தியாசத்தைக் குறை சொன்னோம். அதற்கு மறுப்பும் நாமே சொல்லியாக வேண்டும்: பிலிப்பீன்சின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றே. அங்கேயும் என்.பி.ஏ. காலையில்தான் வருகிறது. ஆனால் 2023 உலகக் கிண்ணத் தொடக்க நாளில் அவர்கள் நாட்டு ஆட்டத்தைப் பார்க்க 38,115 பேர் அரங்கில் கூடினார்கள். உலகக் கிண்ணச் சாதனை அது. ஆசியாவின் முதல் தொழில்முறை லீக் 1975-இல் தொடங்கியதும் அங்கேதான். சந்துக்குச் சந்து, தென்னை மரத்தில்கூட ஒரு வளையம் தொங்கும். பிள்ளை எறிந்து பழகிய பிறகு தொலைக்காட்சி தானாக வருகிறது என்பதே எங்கள் கருத்து.

நம் நாட்டில் வளையம் சில வளாகங்களுக்குள் மட்டும் இருந்ததால் ரசிகரும் அவ்வளவில் நின்றார்கள். திறமைக்குக் குறைவில்லை. 1989 கோலாலம்பூர் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் ஆண்கள் அணி பிலிப்பீன்சையே தாண்டித் தங்கம் வென்றது; 2017-இல் பெண்கள் அணி வென்றது. ஆசியான் கூடைப்பந்து லீக்கில் மலேசிய டிராகன்ஸ் 2016-இல் சிங்கப்பூரை 3–2 என்று வீழ்த்திக் கிண்ணம் தூக்கியது. அந்த லீக்கின் 2019–20 பருவம் கோவிடால் பாதியில் நின்று, பிறகு ரத்தானது. ரசிகரைப் பிடித்துவைக்க வெற்றி மட்டும் போதாது. அடுத்த ஆண்டும் அதே அணி, அதே அரங்கில், அதே நாளில் ஆட வேண்டும்.

கே: ஜோர்டானா, லெப்ரானா?
– இருவர் சண்டை, கையெழுத்து இல்லை

ப: கடிதத்தில் இரண்டு விதக் கையெழுத்து இருப்பதால், இருவரும் ஒரே மேசையில் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. தே தாரிக் ஆறிவிடும்.

கே: பெண்கள் கூடைப்பந்தை யார் பார்க்கிறார்கள்?
– பெயர் வேண்டாம் என்கிறார்

ப: அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் இறுதியாட்டத்தை 2024-இல் ஏறத்தாழ 18.9 மில்லியன் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதியாட்டத்துக்கு 14.8. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் அந்த ஆட்டத்தில் தோற்றார். மறுபடியும் ஒரு தனி ஆள். 23-ஆம் எண் சட்டைக் கதைதான்.

கே: எங்கள் தோட்டத்துப் பழைய திடலின் ஓரத்தில் ஒரு கூடை நட நினைக்கிறோம். முழு ஆடுகளத்துக்குப் பணம் இல்லை. என்ன அளவு, எதில் கவனம்?
– இளைஞர் மன்றச் செயலாளர்

ப: முழு ஆடுகளத்தை மறந்துவிடுங்கள். மூவர் ஆட்டத்துக்கு ஒரு கூடை போதும். 15-க்கு 11 மீட்டர் இடம். டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட வடிவம்: பத்து நிமிடம் அல்லது முதலில் 21 எடுப்பவர், எறிய 12 விநாடி.

தரைதான் பெரிய செலவு. 165 சதுர மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் போட்டால் 16.5 கன மீட்டர். அடியில் மண்ணை நன்றாக இடித்து இறுக்கி, பி.ஆர்.சி. கம்பிவலையைக் கல் வைத்துத் தூக்கிப் போடுங்கள். தரையோடு கிடந்தால் வலை இருந்தும் பயனில்லை. நூற்றுக்கு ஒன்று என்று ஒரு பக்கமாகச் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் பேராக் மழைக்குக் குளம் கட்டும். மேற்பரப்பைக் கண்ணாடிபோல் இழைக்க விடாதீர்கள். கொத்தனார் அதைத்தான் அழகு என்பார். ஈரத்தில் கணுக்கால் போய்விடும். காயும் முன் துடைப்பத்தால் ஒருமுறை இழுத்தால் பிடிப்பு வரும். மூன்று, நான்கு மீட்டருக்கு ஒரு வெட்டு விடாவிட்டால் வெயிலில் அதுவே தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். ஏழு நாளாவது தண்ணீர் தெளியுங்கள். செம்மண்ணிலேயே ஆடலாமே என்பீர்கள்; பந்து எழும்பாது, தட்டி ஓடப் பழகவே முடியாது.

வளையத்தின் உயரம் 3.05 மீட்டர், உள் விட்டம் 45 சென்டிமீட்டர். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 2.60 மீட்டர். இதை விட்டுக்கொடுக்காதீர்கள்: உயரமான வளையத்தில் எறியும் சின்னப் பிள்ளைகள் இடுப்பிலிருந்து இரண்டு கையால் வீசப் பழகி, பிறகு அந்தப் பழக்கத்தை மாற்ற முடியாமல் தவிப்பார்கள். வளையத்தைத் தாங்கும் பலகை 1.80-க்கு 1.05 மீட்டர், அடி விளிம்பு தரையிலிருந்து 2.90. தனி எறிக்கோடு பலகையின் முகத்திலிருந்து 4.60.

கம்பத்துக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். 15 என்றால் இன்னும் நல்லது. குழி ஒரு மீட்டர் ஆழம், முக்கால் மீட்டர் சதுரம். கம்பம் சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் மேலோட்டமான குழிதான். பையன்கள் வளையத்தில் தொங்குவார்கள், வேண்டாம் என்று பலகை எழுதி வைத்தாலும் தொங்குவார்கள். குழியின் மேல்முகத்தைக் கம்பத்திலிருந்து வெளிநோக்கிச் சரித்து விடுங்கள். அங்கே தண்ணீர் தேங்கினால், பார்வைக்கு உறுதியாக இருக்கும் கம்பம் தரை மட்டத்தில் துருப்பிடித்து ஒருநாள் முறியும். எல்லைக்கோட்டை ஒட்டிக் கம்பத்தை நடாதீர்கள். கூடைக்குப் பாய்ந்தவர் நேரே போய் முட்டுவார். கோட்டுக்கு வெளியே ஒரு மீட்டராவது தள்ளி நட்டு, பலகையைத் தாங்கும் கைக்குழாயை உள்ளே நீட்டுங்கள். இரண்டு மீட்டர் உயரம் வரை மெத்தை சுற்றுங்கள்.

பலகைக்கு 18 மி.மீ. மரைன் பிளைவூட். சாதாரண பிளைவூட் இரண்டு மழைக்காலத்தில் ஏடு ஏடாக உரியும். மரைன் பிளைவூட்டிலும் வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு சாயம் வேண்டும். தண்ணீர் நுழையும் வாசல் அதுதான். வளையத்தின் போல்ட் பலகையைத் துளைத்துப் பின்னாலுள்ள இரும்புச் சட்டத்தில் இறங்க வேண்டும். பலகையில் மட்டும் முடுக்கினால் முதலில் தொங்குபவரோடு பலகையும் வரும். வளையக் கம்பி 16 மி.மீ.க்குக் குறையாத உருட்டுக் கம்பி. கூடை வடக்கிலோ தெற்கிலோ இருக்கட்டும். மேற்கில் வைத்தால் மாலை வெயில் எறிபவர் கண்ணில் அடிக்கும், ஆடும் நேரமே அதுதானே.

கே: பந்து எது வாங்குவது?
– அதே செயலாளர், கடிதத்தின் பின்பக்கம்

ப: வெளித்தரைக்கு ரப்பர் பந்து. தோல் பந்து சிமெண்டில் சில வாரத்திலேயே வழுக்கையாகிவிடும். ஆண்களுக்கு 7-ஆம் அளவு, பெண்களுக்கு 6, சிறுவர்களுக்கு 5. காற்றைச் சோதிக்க 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள்; பந்தின் தலை 1.2-க்கும் 1.4-க்கும் இடையில் எழும்பினால் சரி. அதற்கு மேல் எழும்பினால் காற்று அதிகம், வளையத்தில் பட்டுத் தெறித்துக்கொண்டே இருக்கும். காற்றடிக்கும் ஊசியை எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்துச் செருகுங்கள்; உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். திடலுக்குப் பக்கத்தில் நடுவதால் இன்னொன்று: பையன்கள் அதைக் காலால் உதைப்பார்கள். நாலு நாள் உதைத்தால் பந்து கோணிவிடும், தட்டினால் பக்கவாட்டில் ஓடும். கூடவே ஒரு காற்பந்தும் வாங்கி வைத்துவிடுங்கள்.